படத்தின் ஓரத்தில் ஒரு கை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது நடந்தது. பேய் என்றால் வாயைக் கோணிக்கொண்டு சிரிப்பவர்கள் தாராளமாகச் சிரிக்கலாம். நானும் அப்படிச் சிரித்தவன்தான். சுடுகாட்டு வழியாக உரக்கப் பாட்டுப் பாடிக்கொண்டு சைக்கிளில் வந்தவன். ஆனால் மண்ணூரில் அந்த வீட்டில் நடந்ததை நினைத்தால், இன்றைக்கும் பட்டப்பகலில் எனக்கு முதுகு சில்லிடுகிறது. பட்டப்பகல் என்று சும்மா சொல்லவில்லை. நடந்தது எல்லாமே பகலில்தான். வெயில் உச்சந்தலையில் நிற்கும் நேரத்தில்.

தொண்ணூற்றொன்றாம் வருடம், ஆவணி மாதம். அந்த வருடம் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் என்று சொன்னாலே கேட்பவர் முகம் ஒரு மாதிரி ஆகும். ஏன் என்று உங்களுக்கே தெரியும். இது அந்தக் கதை இல்லை. இது ஒரு நாலு வயதுக் குழந்தையின் கண்ணைப் பற்றியது. பின்னால் அதன் அம்மாவே சொல்லிக் கேட்டது.

குழந்தையின் பெயர் கவிப்பிரியா. அப்பன் மோகன், என்னோடு ஒரே லைனில் மெஷின் ஓட்டியவன். அம்மா இசைவாணி. சைதாப்பேட்டையில் ஒண்டுக் குடித்தனம் இருந்தவர்கள். மோகனுக்குக் கம்பெனியில் வேலை நிரந்தரம் ஆனதும் மண்ணூருக்கு வந்துவிட்டார்கள். கோவிந்தம்மா என்கிற அம்மாளின் வீட்டில் பின்பக்கப் போர்ஷன். இரண்டு அறை, சமையல்கட்டு, முருங்கை மரம் நிற்கும் கொல்லை. பின்னறையில் தாழ்வாக ஒரு ஜன்னல். அந்த ஜன்னலைப் பார்த்த உடனே இசைவாணி, "இதான் வூடு. பேசி முடி" என்று சொல்லிவிட்டாளாம். வேறு யாராக இருந்தாலும் அடுப்படி எப்படி, தண்ணீர் எப்படி என்று பார்ப்பார்கள். இவள் வெளிச்சம் பார்த்தாள்.

அவள் தொழில் அப்படி. ஸ்டூடியோவில் எடுக்கிற போட்டோவுக்கு டச்சிங் செய்கிறவள். முகத்தில் பரு, அம்மைத் தழும்பு, கண்ணுக்குக் கீழே கருவளையம், எல்லாவற்றையும் நெகட்டிவிலேயே எடுத்துவிடுவாள். நெகட்டிவில் எல்லாம் தலைகீழ். கத்தி முனையால் சுரண்டினால் அந்த இடம் படத்தில் கறுப்பாக விழும். பென்சில் வைத்தால் வெள்ளையாக விழும். கையில் பிடித்திருப்பது பென்சிலா மூச்சா என்று தெரியாத அளவுக்கு வேலை செய்வாள். அவள் டச் செய்த என் கல்யாணப் போட்டோவைப் பார்த்து என் பெண்டாட்டியே, "யாருய்யா இது?" என்று கேட்டாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

சைதாப்பேட்டையில் ஆறு வருடம் அடுத்தவன் ஸ்டூடியோவில், படிக்கட்டுக்கு அடியில் உட்கார்ந்து வேலை செய்தவள். சொந்தமாக ஒரு மூலை, சொந்தமாக ஒரு மேசை என்று ஏங்கிப்போயிருந்தாள். பாவம், அவள் ஆசைப்பட்டதெல்லாம் அவ்வளவுதான்.

மோகன் கம்பெனியில் மெஷின் வந்திறங்கிய மரப்பெட்டியின் பலகைகளைக் கேட்டு வாங்கி வந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ரம்பமும் சுத்தியலுமாக உட்கார்ந்து சாய்வு மேசை செய்து கொடுத்தான். சாய்வுப் பலகையின் நடுவில் ஒரு சதுர ஓட்டை. ஓட்டையில் கண்ணாடி பதித்து அதன் மேல் நெகட்டிவை வைப்பாள். மேசைக்கு அடியில் முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்று படுத்திருக்கும். ஜன்னல் வெளிச்சம் அதில் பட்டு மேலே எழும்பி, நெகட்டிவின் அடியில் வந்து நிற்கும்.

ஓட்டையில் பதிக்க வேண்டியது பால் கண்ணாடி. வெளிச்சம் மட்டும் வரும், உருவம் தெரியாது. அந்தப் பால் கண்ணாடி லாரியில் வரும்போதே உடைந்துபோயிருந்தது. அம்மிக்கல்லுக்குப் பக்கத்தில் அதை வைத்தது யார் என்று புருஷனும் பெண்டாட்டியும் ஒரு நாள் முழுக்கச் சண்டை. கடைசியில் மோகன், ஜன்னலுக்குப் போடுகிற சாதாரணக் கண்ணாடியை அளவாக வெட்டி வந்தான்.

"இது போடு இப்போதிக்கி. வெளிச்சம் இன்னும் தூக்கலா வரும்."

"அடில இருக்கறதெல்லாம் தெரியுமேய்யா."

"அடில இன்னா கீது? உன் மூஞ்சிதான் கீது."

அவளும் சிரித்துவிட்டாள். அப்போது ஒரு வார்த்தை அவள் அழுத்திச் சொல்லியிருந்தால்... சரி, விடுங்கள்.

ஸ்ரீபெரும்புதூரில் ஸ்டூடியோ வைத்திருந்த ரகுபதி முதல் வேலையைக் கொண்டுவந்தார். உள்ளங்கை அகல நெகட்டிவ். ஜன்னலுக்கு நேராகப் பிடித்துக் காட்டினார். நாற்காலியில் ஒரு பெண். தலை சாயாமல் தாடையோடு சேர்த்துத் துணி கட்டியிருந்தது. கண்கள் மூடியிருந்தன.

நம் பக்கத்தில் இது வழக்கம்தானே. உயிரோடு இருக்கும்வரை ஒரு போட்டோ எடுக்கத் தோன்றாது. போன பிறகு நாற்காலியில் உட்காரவைத்து எடுப்பார்கள். அப்புறம் டச்சிங் ஆளிடம் கொடுத்து, "கண்ணு தொறந்து குடுங்க" என்பார்கள். மாலை போட்டு மாட்டுகிற படத்தில் கண் மூடியிருந்தால் யாருக்கு மனசு வரும்?

"பேரு கங்கா. வடக்குப்பட்டு. மஞ்சக் காமாலைல போயிட்ச்சி," என்றார் ரகுபதி. "தாடைக்கட்ட எடுத்துடு. கண்ணு தொறக்கணும். இன்னொன்னு, இந்த ஓரத்துல பாரு."

பார்த்தாள். படத்தின் ஓரத்தில் ஒரு சின்னக் கை. கங்காவின் புடவையைக் கொத்தாகப் பிடித்திருந்தது.

"அதோட கொழந்த. பிரிச்சா அலறுது, வுடவே மாட்டேன்னிச்சி. உயிரோட இருக்கறவங்க கை செத்தவங்க படத்துல இருக்கக் கூடாதாம். அந்தக் கைய எடுத்துடு."

இசைவாணிக்கு அந்தக் கையை எடுக்க மனசில்லை. ஆனால் புது ஊரில் முதல் வேலை. இது சரியாக அமைந்தால் கண் வேலை முழுக்க உனக்குத்தான் என்று ரகுபதி சொல்லியிருந்தார். தலையாட்டினாள்.

மறுநாள் மோகன் பகல் ஷிப்ட். கவி கொல்லையில் முருங்கைப் பூ பொறுக்கிக்கொண்டிருந்தாள். இசைவாணி முதலில் தாடைக் கட்டை எடுத்தாள். அப்புறம் அந்தச் சின்னக் கையை எடுத்தாள். விரல் விரலாகச் சுரண்டி, புடவை மடிப்புக்குள் கரைத்தாள். கங்காவின் கையில் மூன்று கண்ணாடி வளையல்கள். நடு வளையலில் ஒரு சில்லு போயிருந்தது. அதைச் சரிசெய்யச் சொல்லி யாரும் கேட்கவில்லை. மனசு கேட்காமல் அவளே இரண்டு பென்சில் கோடு வைத்து வளையலை முழுசாக்கினாள்.

கடைசியில் கண்.

இந்த வேலைக்கு ஒரு முறை உண்டு. கோயிலில் சிலைக்குக் கண் திறந்தால் முதலில் கண்ணாடியைக் காட்டுவார்கள் அல்லவா? அந்த மாதிரி டச்சிங் ஆட்களுக்குள் ஒரு பேச்சு. செத்தவர்களின் கண் திறந்ததும் முதலில் யாரைப் பார்க்கிறதோ, அவர்களை விடாது. அதனால் அடியில் இருக்கும் கண்ணாடி மேல் வெள்ளைத் தாளைப் போட்டு மறைப்பார்கள். கடைசிப் புள்ளி வைத்ததும் நெகட்டிவைக் கறுப்புத் தாளில் சுற்றிவிடுவார்கள். படமாகி வீட்டுக்குப் போன பிறகு அந்த வீட்டு ஆள்தான் முதலில் எதிரே நிற்க வேண்டும். சைதாப்பேட்டையில் பால் கண்ணாடி இருந்ததால் வெள்ளைத் தாள் போடும் பழக்கமே இவளுக்கு விட்டுப்போயிருந்தது.

இமை இருந்த இடத்தில் கருவிழிக்காகச் சுரண்டினாள். இரண்டு இடமும் தெளிந்தன. வெள்ளை விழிக்குப் பென்சில் வைத்தாள். இனி ஒவ்வொரு விழியிலும் ஒரு புள்ளி. அதுதான் பளபளப்பு. அதுதான் உயிர்.

கம்பெனியில் பன்னிரண்டு மணிச் சங்கு ஊதியது.

வலது கண்ணில் புள்ளி வைத்தாள். இடது கண்ணில் வைத்தாள். பென்சிலை எடுத்தாள்.

வெளிச்சம் மங்கியது.

ஜன்னலில் யாரோ நிற்கிறார்கள். நிமிர்வதற்கு முன் அவள் கண் நெகட்டிவில்தான் இருந்தது. கங்காவின் தெளிந்த இரண்டு விழிகளுக்குள்ளும், அடியில் இருந்த கண்ணாடி வழியாக, கவியின் முகம் தெரிந்தது.

"ம்மா... யாரு அந்த அத்தை?"

"எந்த அத்தை? போ அந்தாண்ட."

"என்னப் பாக்குது."

நெகட்டிவைக் கறுப்புத் தாளில் சுற்றி வைத்தாள். சேச்சே, படித்த கழுதைக்கு இதெல்லாம் எதற்கு என்று தன்னையே திட்டிக்கொண்டு சோறு வடிக்கப் போய்விட்டாள்.

இரண்டு நாள் கழித்து ரகுபதி பிரிண்டோடு வந்தார். முகம் சுளித்திருந்தது.

"இன்னாம்மா இது? நேரா பாக்கறா மாதிரி கேட்டா, ஓரக்கண்ணால பாக்க வச்சிகிறே?"

"நேராதான் சார் போட்டேன்."

படத்தை வாங்கிப் பார்த்தாள். கங்கா நேராகப் பார்க்கவில்லை. விழிகள் கீழே, இடது பக்கம் ஒதுங்கியிருந்தன. இசைவாணி தன் இடது பக்கம் திரும்பினாள். அங்கே தரையில் உட்கார்ந்து கவி சிலேட்டில் கிறுக்கிக்கொண்டிருந்தாள்.

"சரி பண்ணி வை," என்று நெகட்டிவைக் கொடுத்துவிட்டு ரகுபதி போய்விட்டார்.

அன்றைக்குத்தான் அதைக் கவனித்தாள். குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். ஒரு ஈ வந்து கவியின் கண் ஓரத்தில் உட்கார்ந்தது. ஊர்ந்தது. கண்ணின் வெள்ளை மேலேயே ஏறி நின்றது.

கவி இமைக்கவில்லை.

"கவி! கண்ண மூடு!"

"மூட வரல."

"வெளாடாத. மூடுடி."

"அந்த அத்தை பாத்துகினே கீது. மூட வுடல."

மோகனிடம் சொன்னாள். அவன் குழந்தையைத் தூக்கி விளையாட்டுக் காட்டினான், முகத்துக்கு நேரே சொடக்குப் போட்டான், ஊதினான். கண் மூடவில்லை. தூங்கும்போதும் மூடவில்லை. மூச்சு சீராக வருகிறது, உடம்பு தளர்ந்து கிடக்கிறது, கண் மட்டும் திறந்தபடி. மோகன் விரலால் இமையை இறக்கிவிட்டான். விரலை எடுத்ததும் மெல்ல மேலே ஏறியது. என் முன்னால் அவன் அழுது நான் பார்த்தது அதற்கு மறுநாள்தான். லைனில் மெஷினை நிறுத்திவிட்டு அழுதான்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். "நரம்புல ஒண்ணும் தெரியல. சொட்டு மருந்து விடுங்க. ஆனா இப்படியே இருந்தா கண்ணு காஞ்சுடும்மா. பார்வை போயிடும்," என்றார். எழும்பூர்க் கண்ணாஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். எழும்பூரிலும் அதே டார்ச், அதே பேச்சு, இன்னொரு சொட்டு மருந்து.

குழந்தையின் கண் மிளகாய்ப் பழமாகச் சிவந்தது. காய்ச்சல் வந்தது. சாப்பிட மறுத்தது. "அத்தை கூப்புடுது" என்று மட்டும் அவ்வப்போது சொன்னது. கோவிந்தம்மா சுற்றிப் போட்டாள். எலுமிச்சம்பழம் அறுத்தாள். வேப்பிலை அடித்தாள். என்ன பிரயோஜனம்?

ஒரு நாள் மழை மூட்டம். வெயிலே இல்லை. இசைவாணி குழந்தையை மடியில் போட்டு உட்கார்ந்திருந்தாள். சங்கு ஊதியது.

சுவரில் இரண்டு ஒளிப் பொட்டு.

மிளகு அளவு. பக்கத்துப் பக்கத்தில். பின்னறையிலிருந்து வருகிறது. வெயில் இல்லை, மேசைமேல் நெகட்டிவும் இல்லை. அது கறுப்புத் தாளுக்குள், டிரங்குப் பெட்டிக்குள் பூட்டியிருக்கிறது.

பொட்டுகள் நகர்ந்தன.

சுவரிலிருந்து இறங்கின. தரையில் ஊர்ந்தன. கவியின் கால். கவுன். கழுத்து.

கவியின் இரண்டு கண்ணிலும் கண்ணுக்கொன்றாக வந்து நின்றன.

இசைவாணி குழந்தையை வாரிக்கொண்டு இந்த மூலைக்கு ஓடினாள். பொட்டுகள் வந்தன. அந்த மூலைக்கு ஓடினாள். வந்தன. கொல்லைக்கு ஓடினாள். முருங்கை மரத்தடியிலும் குழந்தை முகத்தில் அந்த இரண்டு பொட்டு...

பின்னறைக்கு ஓடி வந்து பெட்டியைத் திறந்தாள். கறுப்புத் தாள் பிரிந்து கிடந்தது. அவள் பிரிக்கவில்லை.

வெறி வந்துவிட்டது அவளுக்கு. குழந்தையை முன்னறையில் பாயில் விட்டாள். நெகட்டிவை மேசையில் வைத்தாள். நெகட்டிவில் வெளிச்சம் புகாமல் மறைக்கிற சிவப்புச் சாயம் தொட்டு இரண்டு விழியையும் அடைத்தாள். சாயம் காயவில்லை. கண்ணீர் மாதிரி வழிந்து இறங்கியது. மறுபடி அடைத்தாள். மறுபடி வழிந்தது.

கத்தியை எடுத்தாள். கண்ணே இருக்கக் கூடாது. சுரண்டி எடுத்துவிடுகிறேன் பார்.

கத்தி முனையை வலது விழியில் வைத்தாள். அழுத்தினாள்.

முன்னறையில் கவி வீறிட்டாள்.

"ம்மா! குத்துது! கண்ணுல குத்துது!"

கத்தி கீழே விழுந்தது.

ஓடிப் போய்ப் பார்த்தாள். கவியின் வலது கண்ணில் ஊசிமுனை அளவுக்கு ரத்தப் புள்ளி.

அடைக்க முடியாது. அழிக்க முடியாது. எரிக்கவும் முடியாது என்று அந்த நிமிஷமே அவளுக்குப் புரிந்துவிட்டது. எரித்தால் குழந்தை என்ன ஆகும்? தரையில் தலையை முட்டிக்கொண்டு அழுதாள். "நா செஞ்ச தப்புக்கு என்ன எடுத்துக்கோடி, கொழந்தய வுட்ருடி" என்று கத்தினாள். யாரிடம்? அந்த நெகட்டிவிடம்தான்.

அழுது முடித்த பிறகுதான் அவளுக்கு அந்தச் சின்னக் கை ஞாபகம் வந்தது. புடவையைக் கொத்தாகப் பிடித்திருந்த கை. விரல் விரலாகச் சுரண்டியவள் இவள்தான். ஒரு தாய் கண்ணைத் திறக்கிறாள். பக்கத்தில் தன் குழந்தையின் கை இல்லை. எதிரே வேறொரு குழந்தையின் முகம் இருக்கிறது. அவள் விடுவாளா?

ஒரே வழிதான் பாக்கி. கங்காவை அவள் வீட்டில் கொண்டுபோய் விட வேண்டும். அவள் ஆட்கள் எதிரே வந்து நிற்க வேண்டும். மாரி நிற்கட்டும். கங்காவின் புருஷன். கட்டியவன் நின்றால் பார்வை அவனிடம் திரும்பும். அவன் பெரியவன். தாங்குவான். குழந்தையை மட்டும் அந்தப் பக்கம் வர விடக்கூடாது. அந்த வீட்டிலும் ஒரு குழந்தை இருக்கிறது என்பது இவளைவிட நன்றாக யாருக்குத் தெரியும்?

ரகுபதியிடம் அந்த ஓரக்கண் படத்தையே பிரேம் போடச் சொன்னாள். படத்துக்குப் பின்னால் நெகட்டிவையும் வைத்து மூடச் சொன்னாள். அவர் விசித்திரமாகப் பார்த்தார். குழந்தையின் கண்ணைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் செய்து கொடுத்தார்.

கறுப்புத் துணியில் பிரேமைச் சுற்றிக் கட்டினாள். மோகன் ஷிப்டில் இருந்தான். காத்திருக்கத் தெம்பில்லை. குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினாள். ஒரகடத்துப் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரி, "இன்னாமா கொழந்த இப்டி மொறச்சிகினு கீது?" என்று கேட்டுவிட்டு எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டாள்.

இறங்கி நடந்தாள். வெயில் கொளுத்தியது. வடக்குப்பட்டில் மாரியின் வீடு சுலபமாகக் கிடைத்தது. வாசலில் அவன் அக்கா முனியம்மாள் நெல் புடைத்துக்கொண்டிருந்தாள்.

"கொழந்த எங்கக்கா?" இதுதான் இசைவாணி கேட்ட முதல் கேள்வி.

"செங்கமலமா? பக்கத்து வூட்ல ஆடிகினு கீது. ஏம்மா?"

"ஒண்ணுமில்ல. அவரைக் கூப்புடுங்க. அவர்தான் மொதல்ல பாக்கணும். வேற யாரும் வேணாம்."

மாரி கொட்டகையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தான். கை கழுவப் போனான். இசைவாணி உள்ளே போய்ப் படத்தைச் சுவரில் சாய்த்து வைத்தாள். முடிச்சை அவிழ்த்தாள். துணியின் நுனியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மாரி வந்தான். துண்டில் கையைத் துடைத்தபடி வாசற்படி ஏறினான்.

துணியை விலக்கினாள்.

அவன் கைக்கு அடியில் புகுந்து ஒரு உருவம் ஓடி வந்தது.

"எம்மா!"

கவி உயரம். கவி வயது. எண்ணெய் காணாத தலை. வந்து படத்துக்கு நேரே நின்றது.

துணி இன்னும் இசைவாணியின் கையில்தான் இருந்தது. ஒரு இழுப்பு. ஒரே ஒரு இழுப்பு இழுத்தால் படம் மூடிவிடும்.

அப்போது அவள் தோளில் ஏதோ விழுந்தது.

கவியின் தலை.

திரும்பிப் பார்த்தாள். கவியின் இமைகள் மெல்ல... மெல்ல... இறங்கின. மூடின. இத்தனை நாளுக்குப் பிறகு மூடின. குழந்தை பெருமூச்சு விட்டது. தூங்கிவிட்டது.

இசைவாணியின் கை அசையவில்லை.

"எங் கங்காவேதான்..." என்று மாரி தேம்பினான். "உசிரோட ஒக்காந்துகினு கீறா மாதிரியே கீதும்மா."

"எம்மா என்னப் பாக்குது," என்றது செங்கமலம். சிரித்தது.

படத்தில் விழிகள் நேராக இருந்தன.

இசைவாணி ஓட்டமும் நடையுமாக பஸ் ஸ்டாண்டுக்கு வந்தாள். திரும்பியே பார்க்கவில்லை.

கவி அன்றும் மறுநாளும் தூங்கினாள். எழுந்து பசிக்கிறது என்றாள். கண் தெளிந்தது. மோகன் எங்களுக்கெல்லாம் ஸ்வீட் வாங்கிக் கொடுத்தான், சொட்டு மருந்து வேலை செய்துவிட்டது என்றான். இசைவாணி மேசைக்குப் புதுப் பால் கண்ணாடி போட்டாள். ஜன்னலின் கீழ்ப்பாதிக்குப் பலகை அடித்தாள். வேலை நிறைய வந்தது. கண் வேலை மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அப்பாடா என்று எல்லோரும் மூச்சு விட்டோம். கதை இத்தோடு முடிந்திருந்தால் நான் இதைச் சொல்லவே வந்திருக்க மாட்டேன்.

கார்த்திகை மாதம். ரகுபதி வந்தார். உட்காரவில்லை.

"வடக்குப்பட்டு வேலைதாம்மா. உனக்கு வேணாம்னு தெரியும். உன் பேரச் சொல்லிக் கேக்கறாங்க. அன்னிக்கி வச்ச கண்ணு மாதிரியே வேணுமாம்."

"யாருக்கு?"

"மாரி பொண்ணு. செங்கமலம்."

இசைவாணி கவி எங்கே என்று திரும்பிப் பார்த்தாள்.

"காய்ச்சல்னாங்க. சோறு தண்ணி எறங்கல. கடசி வரிக்கும் கண்ணையே மூடலியாம். உசிரு போனப்புறம் தானா மூடிகிச்சாம்."

நெகட்டிவை மேசைமேல் வைத்தார். "அப்புறம் அன்னிக்கி மாதிரியே ஓரத்துல ஒரு கை விழுந்துகீது. அதையும் எடுத்துடு."

"யாரு கை?"

ரகுபதி வாசல் பக்கம் நகர்ந்தார்.

"அதாம்மா தெரில. நா எடுக்கும்போது கொழந்த பக்கத்துல யாரையும் நிக்க வுடல. நேத்து ராவு கழுவி எடுத்தேன், நேரா உங்கிட்டதான் கொண்டாந்தேன். வேற யாரும் தொடல."

இசைவாணி நெகட்டிவை வெளிச்சத்தில் பிடித்தாள். நாற்காலியில் கண் மூடிய குழந்தை. படத்தின் ஓரத்தில் ஒரு பெண்ணின் கை. குழந்தையின் கவுனைக் கொத்தாகப் பிடித்திருந்தது. கையில் மூன்று கண்ணாடி வளையல்கள். நடு வளையல் சில்லு போகாமல் முழுசாக இருந்தது.

அதில் இரண்டு பென்சில் கோடு. இசைவாணி வைத்த கோடு.